எகிப்தில் நூல்தடையும் மொழியாய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

நூல்தடை பொதுவாக அரசியல் வரலாற்றின் ஒரு கூறாகவே பேசப்பட்டு வருகிறது. எந்த அரசு எந்த ஆண்டில் எந்த நூலைத் தடைசெய்தது என்று கூறும் பட்டியல்கள் பல உள. தடைக்குள்ளான நூல் எந்த அறிவுத்துறையைச் சார்ந்தது, அத்தடையால் அத்துறையின் வளர்ச்சி எவ்வாறு திசைமாறியது என்னும் வினாக்கள் அப்பட்டியல்களில் எழுவதில்லை. நவீன அரபு அச்சுத்தொழிலின் முதன்மை மையமாக விளங்கிய எகிப்தின் வரலாற்றில் இவ்வினாக்கள் மொழியியலாருக்குத் தனி முக்கியத்துவம் உடையன. இருபதாம் நூற்றாண்டில் அந்நாட்டில் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கிய நூல்களுள் சில, மொழியைப் பற்றிய ஆராய்ச்சி நூல்களாகவே இருந்தன.

அத்தகைய நூல்கள் எதிர்கொண்ட நடவடிக்கைகளைக் காலவரிசையில் ஒப்பிட்டு நோக்குவதும், தடையால் பாடவேறுபாடுகள் தோன்றிய முறையை மொழிபெயர்ப்பாளர் நோக்கில் விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். தடை ஒரு கருத்தை மறுப்பதில்லை. அதனை முறையாக மறுக்கும் வாய்ப்பை அறிஞர்களிடமிருந்து பறிக்கிறது என்பதே இவ்வொப்பீட்டின்வழிப் பெறப்படும் முடிவு.

பொருளுக்குள் புகுமுன் இரண்டு அரபுச் சொற்களைக் கருதுதல் பயனுடைத்து. தணிக்கையைக் குறிக்கும் 'ரிகாபா' என்னும் சொல் ர-க-ப என்னும் மூன்றெழுத்து வேரினின்று பிறந்தது. கண்காணித்தல் அவ்வேரின் பொருள்களுள் ஒன்று. நூலைப் பறிமுதல் செய்தலைக் குறிக்கும் சொல் 'முஸாதரா'. இதன் வேர் ஸ-த-ர. நூலை வெளியிடுதலைக் குறிக்கும் 'இஸ்தார்' என்னும் சொல்லும் இதே வேரினின்று பிறந்ததே. வெளியீட்டுக்கும் பறிமுதலுக்கும் ஒரே வேர் அமைந்தது சொல்லாக்க முறையின் தற்செயல் விளைவு. எனினும் பின்னர் ஆராயப்படும் நூலொன்றில் வெளியிட்ட கையும் பறித்த கையும் அரசின் கைகளாகவே இருந்தன.

2. தடை அதிகாரத்தின் தோற்றமும் பிரிவும்

முஹம்மத் அலீயின் ஆட்சியில் 1820-21ஆம் ஆண்டுகளில் கெய்ரோவை அடுத்த புலாக்கில் அரசு அச்சகம் நிறுவப்பட்டது. 1822இல் அங்கு அச்சான முதல் நூல் இத்தாலியம்-அரபு அகராதியாகும். மறு ஆண்டே, அதாவது 1823இல், ஆட்சியாளரின் இசைவு பெறாமல் எந்நூலும் அங்கு அச்சிடப்படலாகாது என்ற ஆணை பிறந்தது. நவீன எகிப்தில் அச்சும் தணிக்கையும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை ஓரளவு மாறியது. உதுமானியப் பேரரசின் தணிக்கைக்கு அஞ்சிய சிரிய, லெபனான் எழுத்தாளர்கள் பலர் எகிப்துக்குக் குடிபெயர்ந்தனர். பெய்ரூத்தில் தொடங்கப்பெற்ற 'அல்-முக்ததஃப்' இதழ் 1880களின் இடையில் கெய்ரோவுக்கு மாறியது. ஜுர்ஜி ஸைதான் 1892இல் 'அல்-ஹிலால்' இதழைக் கெய்ரோவில் தொடங்கினார். 1881ஆம் ஆண்டின் அச்சுச் சட்டம் ஏட்டளவில் நிலவியபோதும், ஆங்கிலேய ஆதிக்கக் காலத்தில் 1909 வரையில் அது பெரும்பாலும் கையாளப்படவில்லை. தணிக்கைக்கு ஆளாகும் எழுத்து அண்டை நாட்டில் புகலிடம் தேடும் வழக்கம் அரபுலகில் இவ்வாறு வேரூன்றியது. அரை நூற்றாண்டுக்குப் பின் அதே வழி எதிர்த்திசையில், கெய்ரோவிலிருந்து பெய்ரூத்துக்குப் பயன்பட்டது.

1923ஆம் ஆண்டின் அரசமைப்பு கருத்துரிமையை ஏற்றது. 1936ஆம் ஆண்டின் 20ஆம் எண் வெளியீட்டுச் சட்டம், வெளிநாட்டில் அச்சான வெளியீடுகளைப் பொது அமைதியின் பொருட்டு நாட்டுக்குள் புகவிடாமல் தடுக்கும் அதிகாரத்தை அமைச்சரவைக்கு வழங்கியது. 1952ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் 1960இல் நாளிதழ் நிறுவனங்கள் அரசுடைமையாயின. 1961ஆம் ஆண்டின் 103ஆம் எண் சட்டத்தால் அல்-அஸ்ஹர் மாற்றியமைக்கப்பட்டபோது, அதன் உறுப்பாக இஸ்லாமிய ஆய்வுக் கழகம் உருவாயிற்று. 1985ஆம் ஆண்டின் 102ஆம் எண் சட்டம் குர்ஆனையும் நபிமொழித் தொகுப்புகளையும் அச்சிடுவதைக் கண்காணிக்கும் பொறுப்பை அக்கழகத்துக்கு அளித்தது. பிற நூல்களைப் பற்றி அக்கழகம் வழங்குவது கருத்துரையே எனினும், நடைமுறையில் அக்கருத்துரை பலமுறை பறிமுதலுக்கு வழிகோலியது. ஒலி, ஒளிப் படைப்புகளில் இஸ்லாம் தொடர்பான செய்திகளைப் பொறுத்தவரை அல்-அஸ்ஹரின் கருத்தே அறுதியானது என 1994இல் அரசு மன்றம் ஆலோசனைக் கருத்து வழங்கியது.

எகிப்தில் நூல்தடையை விதிக்கும் அலுவலகம் ஒன்றே ஒன்று அன்று என்பது இவற்றால் புலனாகும். அமைச்சரவை, அல்-அஸ்ஹர், அரசு வழக்குரைஞர், நீதிமன்றம், நாடாளுமன்றம், பல்கலைக்கழகக் குழு, அச்சகத் தொழிலாளி, வழக்குத் தொடுக்கும் தனிமனிதர் என அதிகாரம் பலரிடம் பிரிந்து கிடந்தது. எந்த வாயிலிலிருந்து தடை வரும் என்பதை எழுதுவோர் முன்னறிதல் அரிது. ஆகவே அவர் எல்லா வாயில்களையும் எண்ணி எழுத வேண்டியவரானார்.

3. தாஹா ஹுசைனும் முன்னிஸ்லாமியக் கவிதையும் (1926)

1925இல் அலீ அப்துர் ராஸிக், இஸ்லாமும் ஆட்சிமுறையின் அடிப்படைகளும் பற்றிய தம் நூலில் கிலாஃபத் சமயக் கடமையன்று என வாதிட்டார். அதன் விளைவாக அல்-அஸ்ஹரின் மூத்த அறிஞர் குழு அவருடைய ஆலிம் பட்டத்தைப் பறித்தது; அவர் நீதிபதிப் பதவியை இழந்தார். இக்கொந்தளிப்பு அடங்குமுன், 1926இல் தாஹா ஹுசைனின் 'ஃபீ அஷ்-ஷிஃர் அல்-ஜாஹிலீ' (முன்னிஸ்லாமியக் கவிதையைப் பற்றி) வெளிவந்தது. இளமையிலேயே கண்பார்வையை இழந்த ஆசிரியர், அல்-அஸ்ஹரில் பயின்று, 1914இல் எகிப்தியப் பல்கலைக்கழகத்திலும் 1918இல் பாரிசிலும் முனைவர் பட்டம் பெற்றவர்.

இஸ்லாத்துக்கு முற்பட்டவை எனக் கருதப்படும் கவிதைகளுள் பெரும்பாலானவை பிற்காலத்தில் புனையப்பட்டவை என்பது நூலின் மையக் கருத்து. இவ்வையம் முற்றிலும் புதியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்னு ஸல்லாம் அல்-ஜுமஹீ பொய்க்கவிதைகள் புகுந்தமையைப் பேசியுள்ளார். 1925இல் ஆங்கிலேய அறிஞர் மார்கோலியத் இதனையொத்த கருத்தை ஒரு கட்டுரையில் வெளியிட்டார். தாஹா ஹுசைனின் நூலில் மொழியியலாரின் கவனத்துக்குரியது அவர் காட்டிய சான்றின் தன்மையாகும்.

அரபு மரபு, அரபு மக்களைத் தென்பகுதியின் கஹ்தான் வழியினர் என்றும் வடபகுதியின் அத்னான் வழியினர் என்றும் இரண்டாகப் பகுக்கிறது. தென் அரேபியக் கல்வெட்டுகளின் மொழி, இலக்கணத்திலும் சொற்களிலும் வட அரபிலிருந்து வேறுபட்டது. அவ்வாறாயின், தென்பகுதி மரபினர் எனப்படும் இம்ருல் கைஸ் போன்றோரின் கவிதைகள் குர்ஆனின் மொழியை ஒத்திருப்பது எவ்வாறு? வடபகுதிக் குலங்களிடையே வட்டார வழக்கு வேறுபாடுகள் இருந்தமைக்குக் குர்ஆன் ஓதுமுறைகளின் வேறுபாடுகளே சான்று. வெவ்வேறு குலத்துக் கவிஞர்களின் பாடல்களில் அவ்வேறுபாடுகள் காணப்படாதது ஏன்? இவ்வினாக்களை எழுப்பிய ஆசிரியர், அப்பாடல்கள் மொழி ஒருமைப்பட்ட பிற்காலத்தில் இயற்றப்பட்டவை என முடிவு செய்தார்.

கண்டனத்துக்கு உடனடிக் காரணம் வேறொரு பகுதியாகும். அத்னானியரின் தோற்றத்தோடு பிணைந்த இப்ராஹீம், இஸ்மாயீல் வரலாற்றைக் குர்ஆன் குறிப்பிடுவது மட்டுமே அதனை வரலாற்று உண்மை என நிறுவப் போதாது என அவர் எழுதியிருந்தார். அல்-அஸ்ஹர் மாணவர் ஒருவரும், அல்-அஸ்ஹரின் தலைவரும், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் 1926இல் முறையீடுகள் அளித்தனர். நூல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அரசு வழக்குரைஞர் முஹம்மத் நூர் ஆசிரியரை நேரில் வினவி, 1927 மார்ச்சு 30இல் தம் முடிவை அளித்தார்.

இம்முடிவுரை மொழியாய்வு வரலாற்றில் அரிதான ஆவணம். குற்றவியல் அலுவலர் ஒருவர் கவிதைமொழி பற்றிய வாதத்தைப் பகுதி பகுதியாக எடுத்துக்கொண்டு மூலநூல்களோடு ஒப்பிட்டுச் சோதித்துள்ளார். ஹிம்யர் மொழி பற்றிய பழைய இலக்கணவாணர் ஒருவரின் கூற்றை ஆசிரியர் சான்றாகக் காட்டியிருந்தார். மூலத்தில் 'அவர்களுடைய அரபு' எனும் பொருளில் வந்த சொல் ஆசிரியரிடத்து 'அவர்களுடைய மொழி' என மாறியிருப்பதை வழக்குரைஞர் சுட்டினார். மூலச் சொல்லின்படி தென்பகுதியினர் பேசியது வேறு வகை அரபு; மாற்றப்பட்ட சொல்லின்படி அது வேறு மொழி. வாதத்தின் வலிமை அந்த ஒரு சொல்லைச் சார்ந்திருந்தது. ஆசிரியரின் கருத்துகள் சிலவற்றுக்குப் போதிய சான்று இல்லை எனவும் அவர் கண்டார். எனினும் அக்கருத்துகள் ஆராய்ச்சியின் போக்கில் கூறப்பட்டமையால் குற்றமனம் இல்லை எனத் தெளிந்து வழக்கைக் கைவிட்டார். கருத்தை மறுத்தும் கருத்துடையவரைத் தண்டிக்காமலும் விட்ட முடிவு இது.

1927இல் நூல் 'ஃபீ அல்-அதப் அல்-ஜாஹிலீ' (முன்னிஸ்லாமிய இலக்கியத்தைப் பற்றி) என்னும் புதுத் தலைப்பில் வெளிவந்தது. கண்டிக்கப்பட்ட பகுதி நீக்கப்பட்டது. வேறு பகுதிகள் சேர்க்கப்பட்டன. மொழி பற்றிய வாதம் நிலைத்தது. நூலின் மூல வடிவம் எகிப்தில் மீண்டும் அச்சேற 1990கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

திருத்திய வடிவமேனும் கிடைத்தமையால் விவாதம் தொடர்ந்தது. முஸ்தஃபா ஸாதிக் அர்-ராஃபியீ, முஹம்மத் ஃபரீத் வஜ்தீ, முஹம்மத் அல்-கித்ர் ஹுசைன் முதலியோர் உடனுக்குடன் மறுப்பு நூல்களை எழுதினர். நாஸிருத்தீன் அல்-அஸத் 1956இல் முன்னிஸ்லாமியக் கவிதையின் மூலங்களை விரிவாக ஆராய்ந்து, எழுத்துவழிப் பதிவும் வாய்மொழிப் பரவலும் நிகழ்ந்த முறையை விளக்கினார். குலவழக்குகளுக்கு அப்பாற்பட்ட பொதுச் செய்யுள்வழக்கு ஒன்று அக்காலத்திலேயே நிலவியது என்னும் விளக்கம், வழக்கு வேறுபாடு இல்லாமைக்குத் தக்க விடையாகப் பலராலும் ஏற்கப்பட்டது. 1970களில் ஜேம்ஸ் மன்ரோவும் மைக்கேல் ஸ்வெட்லரும் வாய்மொழிப் பாடல் கோட்பாட்டை அரபுக் கவிதைக்குப் பொருத்தினர். தாஹா ஹுசைனின் முடிவை இன்று அப்படியே ஏற்போர் சிலரே. ஆயினும் அவருடைய வினா அரை நூற்றாண்டு ஆராய்ச்சியைத் தூண்டிற்று. அவருடைய பிழை என்ன என்பதையும் அவ்வாராய்ச்சியே புலப்படுத்தியது.

ஆசிரியரை இடர் முற்றிலும் விட்டுவிடவில்லை. 1932இல் ஸித்கீ அரசு அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கியது. இதனை எதிர்த்துத் துணைவேந்தர் அஹ்மத் லுத்ஃபீ அஸ்-ஸய்யித் பதவி விலகினார். பின்னர் தாஹா ஹுசைன் மீண்டும் பணியேற்றார். 1950 முதல் 1952 வரை கல்வியமைச்சராகவும் விளங்கினார்.

4. வகுப்பறையில் நின்ற ஆய்வேடு (1947)

அச்சேறுமுன்னரே நூல் தடுக்கப்படுவதுமுண்டு. அமீன் அல்-கூலீயின் மேற்பார்வையில் முஹம்மத் அஹ்மத் கலஃபுல்லாஹ், குர்ஆனின் கதைக்கலை பற்றிய ஆய்வேட்டை 1947இல் அன்றைய முதலாம் ஃபுஆத் பல்கலைக்கழகத்தில் அளித்தார். குர்ஆனின் கதைகளை வரலாற்றுச் செய்திகளாகக் கொள்வதினும் அறிவுறுத்தும் நோக்குடைய இலக்கிய அமைப்புகளாகக் காண்பதே பொருந்தும் என்பது அதன் கருத்து. எதிர்ப்பு எழுந்தது. ஆய்வேடு ஏற்கப்படவில்லை. மேற்பார்வையாளர் குர்ஆன் ஆய்வுகளைக் கற்பிக்கவும் வழிகாட்டவும் தடுக்கப்பட்டார். ஆய்வேடு 1951இல் நூலாக வெளிவந்தது. ஆனால் ஒரு பல்கலைக்கழகத் துறையில் தொடங்கிய ஆய்வுமரபு இடையில் அறுபட்டது. நூலின் பறிமுதலைக் காட்டிலும் மாணவர்களிடையே எழும் அச்சம் நீண்டகாலம் நிலைப்பது என்பதற்கு இந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டாகும்.

5. லூயிஸ் அவதின் மொழிநூல் (1980-81)

முற்றிலும் மொழியியல் சார்ந்த நூலொன்று பறிமுதல் செய்யப்பட்ட நிகழ்ச்சி 1981இல் நடந்தது. லூயிஸ் அவத் (1915-1990) கெய்ரோப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். 1954இல் பதவி நீக்கம் செய்யப்பட்டவர். பின்னர் 'அல்-அஹ்ராம்' நாளிதழின் இலக்கியப் பகுதியில் பணியாற்றியவர். 1947இல் வெளியிட்ட 'புளூட்டோலாந்து' கவிதைத் தொகுதியின் முன்னுரையில் பேச்சு வழக்கின் இலக்கியத் தகுதிக்காக வாதாடியவர். அவருடைய 'முகத்திமா ஃபீ ஃபிக்ஹ் அல்-லுகா அல்-அரபிய்யா' (அரபு மொழிநூலுக்கு ஒரு முன்னுரை) என்னும் பெருநூலை அரசு நிறுவனமான எகிப்தியப் பொது நூல் அமைப்பு 1980இல் வெளியிட்டது. அல்-அஸ்ஹரின் ஆய்வுக் கழகம் எதிர்ப்புத் தெரிவித்ததன் விளைவாக மறு ஆண்டே அது பறிமுதலாயிற்று.

அரபு பிற மொழிகளினின்று தனித்து நிற்பதன்று. செமித்திய, ஹாமித்திய மொழிகளும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளும் ஒரே மூலத்தினின்று கிளைத்தவை என்பது நூலின் அடிப்படைக் கருத்து. ஒலிமாற்ற விதிகளைக் கொண்டு அரபுச் சொற்களைக் கிரேக்கம், இலத்தீன், பழைய எகிப்தியம் முதலிய மொழிகளின் சொற்களோடு ஆசிரியர் இணைத்தார். குர்ஆனில் இறைவனைக் குறிக்கும் 'ஸமத்' என்னும் சொல்லைப் பழைய எகிப்தியச் சொல்லொன்றோடு அவர் தொடர்புபடுத்தியது பெரும் சினத்தைத் தூண்டியது. அரபின் தனிச்சிறப்பை மறுத்தல் குர்ஆனின் தனிச்சிறப்பை மறுத்தலேயாகும் என எதிர்ப்பாளர் கருதினர். ஆசிரியர் காப்டிக் கிறித்துவக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதும் எதிர்ப்பின் வேகத்தை மிகுவித்தது.

வரலாற்று ஒப்பியல் மொழியியலின் நோக்கில் இந்நூலில் குறைகள் பல. அரபு உள்ளிட்ட செமித்திய மொழிகளையும் எகிப்தியம், பெர்பர், குஷித்தியம், சாடியம் ஆகியவற்றையும் ஒரே பெருங்குடும்பமாகக் கொள்ளும் கருத்து 1950கள் முதல் கிரீன்பெர்க்கின் ஆய்வுகளால் நிலைபெற்றது. ஆப்பிரோ-ஆசியம் எனப்படும் இக்குடும்பத்தை இந்தோ-ஐரோப்பியத்தோடு இணைக்கும் முயற்சிகள் பொதுவாக ஏற்கப்பெறவில்லை. ஒலி ஒற்றுமையைக் கொண்டு தனித்தனிச் சொற்களை இணைத்தல், முறையான ஒலியிணைவுகளை நிறுவுதற்கு ஈடாகாது. கடன்சொல், தற்செயல் ஒற்றுமை, பொது மரபு ஆகிய மூன்றையும் பிரித்தறியும் அளவுகோல் நூலில் உறுதியாக இல்லை. இவை மொழியியலார் எளிதில் எடுத்துரைத்திருக்கக்கூடிய மறுப்புகள்.

அத்தகைய மறுப்பு விரிவாக நிகழ வழியில்லாது போயிற்று. எதிர்த்து எழுதப்பட்ட நூல் கிடைத்தது. எதிர்க்கப்பட்ட நூல் கிடைக்கவில்லை. மேற்கோள்களின் வழியாகவும் செவிவழிச் செய்தியாகவும் மட்டுமே நூலை அறிந்த வாசகர், மறுப்பு சரியா என்பதைத் தாமே சோதிக்க இயலாதவரானார். பறிமுதலால் நூலுக்கு ஒருவகைப் பெருமையும் கிடைத்தது. அதன் சொற்பிறப்பு விளக்கங்களின் பிழைகளை எடுத்துரைக்க முற்படும் மொழியியலார், பறிமுதல் செய்தோரின் தரப்பில் நிற்பவராகக் கருதப்படும் இடர் நேர்ந்தது. பிழையான கருத்தை அழிக்க முயன்ற தடை, அப்பிழையைத் திருத்தத்துக்கு அப்பாற்படுத்திற்று.

1927உடன் ஒப்பிடின் வேறுபாடு தெளிவாகும். அன்று வழக்குரைஞர் நூலைப் படித்து வாதத்தைச் சோதித்து அதன் குறையை எழுதி வைத்தார். 1981இல் மொழியியல் வாதத்தைச் சோதிக்கும் பொது நடைமுறை எதுவும் இடம்பெறவில்லை.

6. அபூ ஸைதும் 'பாடம்' என்னும் கருத்தும் (1992-1996)

நஸ்ர் ஹாமித் அபூ ஸைத் கெய்ரோப் பல்கலைக்கழக அரபுத் துறை ஆசிரியர். முஃதஸிலா சிந்தனையாளரின் உருவகக் கோட்பாட்டை ஆராய்ந்த அவருடைய முதல் நூல் 1982இல் வெளிவந்தது. 1990இல் வந்த 'மஃப்ஹூம் அந்-நஸ்' (பாடம் என்னும் கருத்து), குர்ஆனை மொழியால் அமைந்த பாடமாகக் கொண்டு, அனுப்புநர், பெறுநர், குறிமுறை, செய்தி ஆகிய தொடர்பியல் கருத்துகளின் துணையுடன் ஆராய்ந்தது. இறைச்செய்தி மனித மொழியில் வழங்கப்பட்டமையால், அம்மொழியின் பண்பாட்டுச் சூழலை அறியாமல் அச்செய்தியை விளங்கிக்கொள்ள இயலாது என்பது அவர் நிலை. இறைத்தன்மையை அவர் மறுக்கவில்லை.

பேராசிரியர் பதவி உயர்வுக்கு 1992இல் அவர் விண்ணப்பித்தார். மதிப்பீட்டாளர் ஒருவரின் எதிர்மறை அறிக்கையால் 1993இல் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. பின்னர் வழக்குரைஞர் சிலர், அவர் சமயத்தை விட்டு நீங்கியவர் என்றும், ஆதலால் அவர் திருமணம் செல்லாது என்றும் குடும்ப நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 'ஹிஸ்பா' என்னும் பழைய கோட்பாட்டின்படி சமூகத்தின் பொருட்டு எவரும் அவ்வாறு வழக்காடலாம் என்பது அவர்கள் வாதம். முதல் நீதிமன்றம் 1994இல் வழக்கைத் தள்ளியது. 1995 ஜூன் 14இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைச் சமயத்தை விட்டு நீங்கியவராகத் தீர்த்து, மனைவி இப்திஹால் யூனுஸிடமிருந்து பிரிய ஆணையிட்டது. 1996 ஆகஸ்டில் உச்சநிலை நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. தீர்ப்பை நிறைவேற்றுவது பின்னர் நிறுத்தி வைக்கப்பட்டபோதும், இருவரும் அதற்குமுன்பே நெதர்லாந்து சென்றிருந்தனர். அபூ ஸைத் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 2010 ஜூலை 5இல் கெய்ரோவில் காலமானார்.

இங்கு தண்டிக்கப்பட்டது நூலினும் அதனை எழுதியவரின் இல்வாழ்க்கையே. அச்சம் வெற்றுக் கற்பனையன்று. எழுத்தாளர் ஃபரஜ் ஃபூதா 1992 ஜூன் 8இல் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஒருவரைச் சமயத்தை விட்டு நீங்கியவர் என நீதிமன்றமே அறிவித்தல் எத்தகைய இடரை உண்டாக்கும் என்பதை எகிப்தியர் நன்கறிந்திருந்தனர். 1996ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம், ஹிஸ்பா வழக்கைத் தனிமனிதர் நேரே தொடுக்காமல் அரசு வழக்குரைஞர் வழியாகவே கொண்டுவர வேண்டும் என வரையறுத்தது.

7. தடையும் பாடவேறுபாடும்

இதுவரை கூறியவை ஆராய்ச்சி நூல்கள். படைப்பிலக்கியத்தில் தடையின் விளைவு வேறு வகையில் வெளிப்பட்டது. தடைப்பட்ட நூல் அழிவதில்லை. பல வடிவங்களாகப் பிரிகிறது. மொழிபெயர்ப்பாளர் தம் கையிலுள்ளது எவ்வடிவம் என அறிய வேண்டியவராகிறார்.

நஜீப் மஹ்ஃபூஸின் 'அவ்லாத் ஹாரதினா' (எங்கள் தெருவின் பிள்ளைகள்) 1959 செப்டம்பர் 21 முதல் டிசம்பர் 25 வரை 'அல்-அஹ்ராமி'ல் தொடராக வந்தது. கெய்ரோத் தெருவொன்றின் தலைமுறைகளை இறைத்தூதர்களின் வரலாற்றை நினைவூட்டும் வகையில் அமைத்தமையால் எதிர்ப்பு எழுந்தது. முறையான தடையாணைக்கு மாறாக, நூல் எகிப்தில் வெளியிடப்படாது என்னும் உடன்பாடே ஆசிரியருக்கும் அரசின் சார்பாளருக்குமிடையே ஏற்பட்டது. 1967இல் பெய்ரூத்தின் தாருல் ஆதாப் அதனை நூலாக்கியது. அப்படிகள் கெய்ரோவில் மறைவாக விற்கப்பட்டன. ஆங்கிலத்தில் பிலிப் ஸ்டூவர்ட்டின் மொழிபெயர்ப்பு 1981இலும் பீட்டர் தெரூவின் மொழிபெயர்ப்பு 1996இலும் வந்தன. நாளிதழ்ப் பாடத்துக்கும் பெய்ரூத்துப் பாடத்துக்கும் வேறுபாடு இருந்தமையால், ஸ்டூவர்ட் நாளிதழ்ப் பாடத்தையும் கருத வேண்டியிருந்தது. 1988இல் மஹ்ஃபூஸ் நோபல் பரிசு பெற்றார். 1994 அக்டோபர் 14இல் கழுத்தில் குத்தப்பட்டு எழுதும் கையின் ஆற்றலைப் பெரிதும் இழந்தார். 2006 ஆகஸ்டில் அவர் மறைந்தபின், அவ்வாண்டின் இறுதியில்தான் எகிப்தில் நூல் வெளிவந்தது. ஆங்கில வாசகர் கடையில் வாங்கிப் படிக்க இயன்ற நாவலை, அதன் மொழிக்குரிய வாசகர் தம் நாட்டில் வெளிப்படையாக வாங்குதற்குத் தொடர் முடிந்து நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

ஸுன்உல்லாஹ் இப்ராஹீமின் 'தில்கர் ராயிஹா' (அந்த வாடை) 1966இல் அச்சானவுடன் பறிமுதல் செய்யப்பட்டது. சிறையினின்று மீண்ட ஒருவனின் நாள்களை அணியற்ற சிறு தொடர்களில் கூறும் குறுநாவல் அது. இடையில் வெட்டப்பட்ட பதிப்பு வழங்கிவர, முழுப்பாடம் 1986இல்தான் கெய்ரோவில் வெளிவந்தது. வெட்டுப்பட்ட பதிப்பைக் கொண்டு நடையியல் ஆய்வு செய்வோர், தணிக்கையாளரின் நடையையும் சேர்த்தே ஆராய்வோராவர்.

'ஆயிரத்தோர் இரவுகள்' இன்னும் சிக்கலானது. 1835இல் அரசின் புலாக் அச்சகமே இதனை அச்சிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெய்ரூத்தின் ஏசு சபையார் பதிப்பு பாலியல் பகுதிகளை நீக்கியது. 1985இல் கெய்ரோ நீதிமன்றம் ஒன்று முழுப் பதிப்பொன்றைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அவ்வாணை நீக்கப்பட்டது. 2010இல் அரசு நிறுவனமொன்றின் மறுபதிப்பை எதிர்த்து வழக்குரைஞர் சிலர் அளித்த முறையீடும் ஏற்கப்படவில்லை. இலக்கிய அரபுக்கும் பேச்சு வழக்குக்கும் இடைப்பட்ட மொழிநிலைக்கு இந்நூல் அரிய சான்று. நாகரிகம் கருதிச் சொல்லை மாற்றும் பதிப்பாசிரியர் பெரும்பாலும் பேச்சுச் சொல்லை நீக்கி இலக்கியச் சொல்லை இடுவர். அதனால் ஒழுக்கத்தின் பெயரால் நிகழும் திருத்தம் மொழிவரலாற்றுச் சான்றையும் அழித்துவிடுகிறது.

அண்மைக்கால வழக்கொன்றில் சொல்லே குற்றப்பொருளாயிற்று. அஹ்மத் நாஜியின் 2014ஆம் ஆண்டு நாவலான 'இஸ்திக்தாம் அல்-ஹயாத்' (வாழ்வின் பயன்பாடு) நூலின் ஒரு பகுதி இலக்கிய வார இதழில் வந்தபோது, பொது நாணத்துக்கு ஊறு செய்தார் என அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. கலைப்படைப்பைப் பொதுவில் வெளியிட்டதற்காகச் சிறைத்தண்டனை கூடாது என 2014ஆம் ஆண்டின் அரசமைப்பு கூறியிருந்தும், 2016 பிப்ரவரியில் அவருக்கு ஈராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் விடுவிக்கப்பட்டார். தெருவில் நாளும் வழங்கும் சொற்கள் அச்சில் குற்றமாதல், இரட்டை வழக்கு மொழிச் சமுதாயத்தில் எழுத்துக்குத் தனியொரு புனிதம் கற்பிக்கப்படுவதைக் காட்டுகிறது.

8. முடிவுரை

மேற்கண்ட நிகழ்ச்சிகள் மூன்று உண்மைகளைத் தெளிவிக்கின்றன.

முதலாவது, மொழியாய்வு எகிப்தில் இடருக்குள்ளானது தற்செயலன்று. ஒரு மொழி மறைநூலின் மொழியாகவும் தேசிய ஒருமையின் அடையாளமாகவும் கருதப்படும்போது, அதன் வரலாற்றை வினவுதல் அவ்விரண்டையும் வினவுதலாகவே கொள்ளப்படும். தாஹா ஹுசைனின் வழக்கு வேறுபாட்டுச் சான்றும், லூயிஸ் அவதின் சொற்பிறப்பாராய்ச்சியும், அபூ ஸைதின் பாடக் கோட்பாடும் வெவ்வேறு முறையின. அரபுக்கும் பிற மொழிகளைப் போல ஒரு வரலாறு உண்டு என்னும் கருத்தில் ஒன்றுபட்டவை.

இரண்டாவது, நூல் கிடைக்கும் இடத்தில் பிழை திருத்தப்படுகிறது; நூல் மறைக்கப்படும் இடத்தில் பிழை நிலைக்கிறது. 1926ஆம் ஆண்டின் நூல் குறைபட்ட வடிவிலேனும் வாசகர் கையில் இருந்தமையால், அரபுக் கவிதைமொழி பற்றிய அறிவு அதனைக் கடந்து வளர்ந்தது. 1980ஆம் ஆண்டின் நூலுக்கு அவ்வாய்ப்பு அமையவில்லை. தடைசெய்வோர் உண்மையைக் காப்பதாகக் கூறினும், உண்மையைச் சோதித்து நிறுவும் வழியையே அடைத்துவிடுகின்றனர்.

மூன்றாவது, தடைக்குள்ளான இலக்கியத்தை மொழிபெயர்ப்போர்க்குப் பாடவரலாறு இன்றியமையாதது. அச்சான நாடும் ஆண்டும், நீக்கப்பட்ட பகுதிகளும், மாற்றப்பட்ட சொற்களும் நூலின் புறச்செய்திகள் அல்ல. பெய்ரூத்துப் பதிப்பா, கெய்ரோப் பதிப்பா, நாளிதழ்த் தொடரா என்பதை உசாவாமல் அரபு நாவலொன்றைத் தமிழாக்க முற்படுவோர், ஆசிரியர் எழுதாத மௌனங்களையும் அவருடையனவாக வாசகரிடம் சேர்த்துவிடுவர். முஹம்மத் நூர் ஒரு மேற்கோளின் ஒரே சொல்லை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். குற்றவியல் அலுவலர் ஒருவர் மேற்கொண்ட அவ்வுழைப்பு மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரிய குறைந்த அளவுக் கடமையாகும்.